ஓரிரவு ஓட்டம், ஓராண்டுக் கொடை

பினாங்குப் பாலத்தில் வாகனங்களை நிறுத்தி நடத்தப்படும் அனைத்துலக மாரத்தானில் முழுத்தூரம் ஓடுபவர்கள், ஊர் உறங்கும் வேளையில் புறப்பட்டு, கடற்காற்றையும் புழுக்கத்தையும் தாங்கி 42.195 கிலோமீட்டரைக் கடக்கிறார்கள். இப்படியொரு ஓட்டத்தைச் சொல்லி உற்றார் நண்பர்களிடம் நன்கொடை திரட்டும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. நல்ல வழக்கம், நம் இளைஞர்கள் இன்னும் நிறையப் பேர் இதில் இறங்க வேண்டும். ஆனால் திரட்டும் முறையில் ஒரு மாற்றம் தேவை. ஒரே தடவை வாங்கும் தொகையைவிட, ஓராண்டுக்கு மாதந்தோறும் தருவதாக வாங்கும் வாக்குறுதியே பினாங்கின் இன்றைய தேவைக்குப் பொருந்தும்.

‘உதவத்தான் ஆசையென்றால் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு ஓட வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் கையிலிருப்பது எவ்வளவு இருந்துவிடும்? கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றுநோய்க்கு வலது காலைப் பறிகொடுத்த இளைஞர். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். புற்று நுரையீரலுக்குப் பரவியதால் நடுவழியில் நிற்க வேண்டியதாயிற்று. தலைக்கு ஒரு டாலர் தாருங்கள் என்று நாட்டு மக்களிடம் கேட்டிருந்தார். 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து அந்த இலக்கு நிறைவேறியது. தன்னை வருத்திக்கொண்டு பிறருக்காகக் கேட்பவரிடம் இல்லையென்று சொல்ல மனம் வருவதில்லை. நேர்ந்துகொண்டு காவடி சுமந்து தண்ணீர்மலைக்கு நடக்கும் பினாங்குத் தமிழர்களுக்கும், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டு அவர்களை உபசரிப்பவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

தேவை எது என்பதுதான் அடுத்த கேள்வி. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். சிறுநீரகம் செயலிழக்க முதற்காரணமும் அதுவே. செயலிழந்தவர் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். கையில் இரண்டு ஊசிகள்: ஒன்றின் வழியே இரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, மற்றொன்றின் வழியே சுத்தமாகித் திரும்புகிறது. ஆண்டுக்கு 156 தடவை. தீபாவளி வாரமானாலும் விடுமுறை கிடையாது. அடுத்தடுத்துத் தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். மாரத்தான் முடிந்ததும் ஒரு பெரிய காசோலை, பிறகு ஆண்டு முழுக்க ஒன்றுமில்லை என்றால், குறைந்த கட்டணத்தில் நடத்தும் தொண்டு மையம் புதிய நோயாளியை எந்தத் துணிவில் சேர்த்துக்கொள்ளும்?

மாதா மாதம் கொடுக்க யார் ஒப்புக்கொள்வார்கள் என்ற ஐயம் நியாயமானதே. சிலர் நடுவில் நிறுத்திவிடவும் செய்வார்கள். இருந்தாலும் இருபது பேர் மாதம் 10 வெள்ளி தந்தால் ஆண்டுக்கு 2,400 வெள்ளி. பாதிப் பேர் முதல் மாதத்திலேயே கழன்றுகொண்டாலும், ஆளுக்கு 50 வெள்ளி என்று ஒரே நாளில் வாங்கும் 1,000 வெள்ளியைவிட அது அதிகம். நன்கொடையாளருக்கு நம்பிக்கை வர வேண்டுமென்றால், பதிவுக் கட்டணம், காலணி, தங்குமிடம் எல்லாம் ஓடுபவரின் சொந்தச் செலவாக இருக்க வேண்டும்; பணம் அவர் கணக்கைத் தொடாமல் நேரே மையத்தின் கணக்குக்குப் போக வேண்டும். வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மையமென்றால் ரசீதைக் காட்டி வரிக்கழிவும் பெறலாம். முழுத்தூரத்துக்கு உடம்பைப் பழக்கவே நாலைந்து மாதம் ஆகும். இருபது பேரைப் பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்க அந்தக் காலம் தாராளம்.