வெயில் படாத துணி

"நம்ம பாட்டிங்க காலத்துல பிளாஸ்டிக் ஏது? துணிதானே? அதுக்கே திரும்பிட்டா பூமி தப்பிச்சிரும்." சென்னைத் தோழி ஒருத்தி போன மாதம் என்னிடம் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

என் அப்பத்தாவின் துணி எங்கே காய்ந்தது தெரியுமா? அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில், மாட்டுக்கொட்டகை எரவாணத்தில், ஓலைக்கு அடியில். அங்கே ஆம்பளைங்க கண் எட்டாது, வெயிலும் எட்டாது. ஐப்பசி மழையில் ஈரம் காயாமலே அடுத்த மாதம் வந்துவிடும். அம்மா காலத்தில் கொட்டகை போய்க் கொடிக்கயிறு வந்தது. ஆனாலும் துணிக்கு மேல் ஒரு பாவாடையைப் போர்த்தித்தான் காயப்போட்டார். அரிப்பும் புண்ணும் துணியால் வந்தவை அல்ல, அதை வெயிலில் போடக்கூடாது என்ற விதியால் வந்தவை. அந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டு துணிக்குத் திரும்பச் சொன்னால், நாங்கள் திரும்பிப் போவது அந்தக் கொட்டகைக்குத்தான்.

அதனால் நாப்கினை யாரும் என் முன்னால் நக்கல் செய்ய வேண்டாம். புது யுகம் திட்டம் 2012இல் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. பாவாடையின் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஆனால் ஆண்டுக்கு 108 நாப்கின் எங்கே போகும்? நாங்கள் கருவேலங்காட்டில் வீசினோம். நாய் இழுத்து வந்து தெருவில் போட்டது. கண்மாயில் தண்ணீர் வற்றினால் கரையோரம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் மக்காது, கொளுத்தினால் கரும்புகை. நகரத்திலோ, நாம் காகிதத்தில் சுற்றிப் போட்டதைக் குப்பையிலிருந்து கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். நம் ரத்தத்தை அவர் ஏன் தொட வேண்டும்?

ஆகவே மாற வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. நானே நாலு வருஷமாகக் கப்தான். மருத்துவத் தர சிலிக்கான். ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் வரை உழைக்கும். முதல் இரண்டு மாதம் அழுதேன், மூன்றாவது மாதம் பழகிவிட்டது. பாதுகாப்பானதா என்றால், 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் பாதுகாப்பானது என்றே சொன்னது. "உள்ள வச்சா கன்னித்தன்மை போயிரும்" என்பவர்களுக்கு ஆய்வு எதற்கு? அவர்கள் கவலை கப்பைப் பற்றியதே அல்ல.

என் சண்டை, இதை ஒவ்வொரு பெண்ணின் தனிப்பட்ட ஒழுக்கமாக்குவதோடு. கேரளத்தைப் பாருங்கள். ஆலப்புழை நகராட்சி 2019இல் 'திங்கள்' திட்டத்தில் 5000 கப்புகளை இலவசமாகக் கொடுத்தது. கும்பளங்கி 2022இல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பொறுப்பை ஊர் எடுத்துக்கொண்டது.

"நம்ம ஊருப் பொண்ணுங்க இதெல்லாம் ஏத்துக்க மாட்டாங்க" என்பார்கள். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா? 1991–92இல் அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசாத தெரு இல்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, பாட்டு இருந்தது, கூட்டம் இருந்தது. எல்லாருக்கும் முன்னால், பட்டப்பகலில் நடந்ததால்தான் அது சாதாரணமானது. ஒவ்வொருத்தியும் கொல்லைப்புறத்தில் தனியாகப் பழக வேண்டும் என்றிருந்தால் இன்றும் நடந்துதான் போய்க்கொண்டிருப்போம்.

பூமியைக் காப்பாற்றச் சொல்கிறவர்களே, பள்ளிக் கழிப்பறைக்கு உள்ளே ஒரு குழாய் கேளுங்கள். சித்திரையிலும் அதில் தண்ணீர் வர வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் கேளுங்கள். நாப்கின் கொடுக்கிற கையால் கப்பும் கொடுக்கட்டும், கிராம செவிலியர் கூட உட்கார்ந்து சொல்லித் தரட்டும். அதுவரை எந்தப் பெண்ணிடமும் குற்ற உணர்வை விற்காதீர்கள்.

கடைசி நாளுக்கு நான் துணிப் பேட் வைப்பேன். போன வாரம் அதைத் துவைத்து வாசல் கொடியில் போட்டேன்.

"ஏன்டி, தெருவே பாக்குது."

"பாக்கட்டும்மா."

அம்மா பாவாடையோடு வந்தார், மூடுவதற்கு. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாவாடையைத் தனியாகத் தள்ளிக் காயப்போட்டுவிட்டுப் போனார்.