சும்மா இருப்பவளின் வலது கை

தலத்தெருவில் என் அக்காமேல் கார் மோதியது. வலது மணிக்கட்டு இப்போது மடங்குவதில்லை. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்: “வேலைக்குப் போறீங்களா?” இல்லை. “அப்ப வருமான இழப்பும் இல்லை.”

மாவு ஆட்டுவதும், படுக்கையிலிருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டுவதும் அவருக்கு ஓய்வு போலும்!

சட்டமே அப்படித்தான் பேசியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் நுழைந்த இரண்டாம் அட்டவணை, வருமானமில்லாத மனைவிக்குக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை மதிப்பாக வைத்தது. கூலித் தொழிலாளி மனைவி சமைத்தால் ஒரு விலை, தாசில்தார் மனைவி சமைத்தால் வேறு விலை. சோறு ஒன்றுதான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், கைதிகளோடு உழைக்காதோர் வரிசையில் நிறுத்தியது. அருண்குமார் அகர்வால் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அதைச் சாடியது. அதற்கு முந்தைய ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் வீட்டு உழைப்பின் மதிப்பை விரிவாக எழுதிவிட்டார். காரைக்கால் வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போவதும் அங்கேதான்.

ஆனால் இரண்டு தீர்ப்புமே செத்துப்போன பெண்களின் வழக்கில் வந்தவை. செத்தவள் அருமை எளிதில் புரிகிறது. உயிரோடு கூண்டில் நிற்பவள்தான் ‘சும்மா இருக்கிறவள்’. எனவே தோழியரே, மனு எழுதும்போதே ஒவ்வொரு வேலையையும் சொல்லுங்கள். அதைச் செய்ய வைத்திருக்கும் ஆளின் கூலியையும் ரூபாயில் கேளுங்கள். அக்கா கேட்டிருக்கிறாள்.