தோட்டத் தொழிலாளியின் சேமிப்பு யாரைச் சேரும்?

மலேசியாவின் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த நிலமும் வீடும் வாய்க்காத நிலையில், ஊழியர் சேமநிதியும் காப்புறுதியுமே உழைத்தவர் விட்டுச்செல்லும் முதன்மைச் சொத்துகள். தாம் இறந்தபின் அவை யாருக்கு உரியவை என்று தொழிலாளி முன்கூட்டியே எழுதிப் பதிவதே பயனாளி நியமனம்.

சேமநிதி, காப்புறுதி, இவற்றோடு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவித்தொகை ஆகிய மூன்று ஏற்பாடுகளும் ஒரே விதியில் இயங்குவதில்லை. வேலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு சொக்சோ தரும் உதவித்தொகையில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று 1969ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துவிடுகிறது. சேமநிதியிலோ, முஸ்லிம் அல்லாதவர் எழுதிவைத்த பெயருக்குரியவரே பணத்தின் உரிமையாளர். காப்புறுதியில், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் வாழ்க்கைத்துணையையோ பிள்ளையையோ நியமித்தால் கடன்காரர்கள் தொட முடியாத பொறுப்பு நிதி உருவாகிறது. உடன்பிறந்தாரை நியமித்தாலோ, அவர் பணத்தைப் பெற்று உரியோருக்குப் பகிர்ந்தளிக்கும் நிர்வாகி மட்டுமே.

பெயரே எழுதாவிடில், உயிலும் இல்லாதபோது, 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் குறுக்கிட்டு, துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால் என்று பிரிக்கிறது. அப்போது மனைவி என்பதற்குச் சான்று வேண்டும். 1982 மார்ச் 1க்குப் பின் கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாத திருமணத்தைச் சட்டம் ஏற்பதில்லை என்பதால், பல்லாண்டு குடும்பம் நடத்திய பெண் மனைவியின் பங்கை இழக்கிறாள். பிள்ளைகளின் உரிமையும் சிக்கலாகிறது. அத்தகைய குடும்பத்துக்குச் சேமநிதி நியமனமே உறுதியான பாதுகாப்பு.

முதல் வேலையில் சேர்ந்த நாளில் தாயின் பெயரை எழுதிய இளைஞர், மணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின்னும் காப்புறுதிப் பத்திரத்தை மாற்றாதிருந்தால் பழைய பெயரே நிலைக்கும். பின்னர் எழுதும் உயிலும் அதனை மாற்றாது. நிறுவனமே பாலிசிதாரராக இருக்கும் குழுக் காப்புறுதியில், தம் பயனாளியின் பெயர் எங்கே பதிவாகியுள்ளது என்பதைத் தொழிலாளி கேட்டறிவது இன்னும் இன்றியமையாதது.

மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்னும் தயக்கத்துக்கு விலை கொடுப்போர் விதவைகளும் குழந்தைகளுமே. ஆகவே, திருமணப் பதிவையும் பயனாளி நியமனத்தையும் ஒரே கடமையாகக் கொண்டு, தொழிற்சங்கக் கிளைகளும் ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஆண்டுதோறும் குடும்பங்களின் பத்திரங்களைச் சரிபார்க்க உதவ வேண்டும்.