முதல் பைக் கனவு... நடுவுல ஒரு படியைக் காணோம்!

கல்லூரியில் சேர்ந்த கையோடு மகன் பைக் கேட்பதும், "முதல்ல அரியரை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்று அப்பா தள்ளிப்போடுவதும் நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கும் பஞ்சாயத்துதான். இப்போது பல வீடுகளில் மகளும் கேட்கிறார். அம்மாவின் சிபாரிசில் ஒருவழியாக அனுமதி கிடைத்து, எல்லோரும் ஷோரூமுக்குப் போகிறார்கள். அங்கே கொட்டேஷன் பேப்பரைப் பார்த்ததும் அப்பாவோடு சேர்ந்து பிள்ளையும் அமைதியாகிவிடுகிறார்.

பிள்ளைகள் கேட்பது ஒன்றும் பேராசை இல்லை. 100, 125 சிசி ஊருக்குள் சுற்ற போதும். பைபாஸில் லாரியை முந்த வேண்டுமென்றால் மூச்சு வாங்கும். 400 சிசி எடுத்தால், பழகாத கை ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலே வண்டி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் நடுவில், 200 - 250 சிசியில், கையைக் கடிக்காத விலையில் ஒன்று. அந்தப் படிதான் கொஞ்சம் கொஞ்சமாக உயரே போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2019 மே மாதம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தபோது அதன் ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலை 97,000 ரூபாய். அதன் அடுத்த தலைமுறையான எக்ஸ்பல்ஸ் 210, 2025 ஜனவரியில் 1.76 லட்சத்துக்கு அறிமுகமானது. புது இன்ஜின், லிக்விட் கூலிங், கூடுதல் பவர் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், '1 லட்சத்துக்குள் ஒரு 200 சிசி' என்று வந்து நின்றவருக்கு அந்த லிக்விட் கூலிங்கால் என்ன லாபம்?

"எல்லாமேதான் விலை ஏறுது, பைக் மட்டும் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012-ல் 1.17 லட்சத்துக்கு வந்த கே.டி.எம் டியூக் 200, 12 ஆண்டு கழித்து கிட்டத்தட்ட 2 லட்சத்துக்கு வந்து நின்றது. பணவீக்கத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் 2016 டிசம்பரில் 1.36 லட்சத்துக்கு வந்த டோமினார் 400, ஏழெட்டு ஆண்டுகளில் 2.3 லட்சத்தைத் தொட்டதை அப்படிச் சொல்ல முடியாது.

விலை ஏறியவை ஒருபக்கம் என்றால், கடையைவிட்டே போனவை இன்னொரு பக்கம். 2011-ல் வந்த ஹோண்டா சிபிஆர் 250ஆர், புதிய மாசு விதி வந்த 2020-ல் நின்றுபோனது. 2017-ல் 1.19 லட்சத்துக்கு வந்த யமஹா எஃப்இசட் 25, 2023-ல் விடைபெற்றது. ஒரு தலைமுறையே ஆசைப்பட்ட கரிஷ்மா திரும்பி வந்தது, 1.73 லட்சம் விலையோடு. பல்சர், அப்பாச்சி வரிசைகளில் 200 சிசி இன்னும் இருக்கிறது, எல்லாமே போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவையும் ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கின்றன.

காரணத்தைத் தேடினால், ஒரே ஒரு வில்லன் சிக்கவில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. கார்புரேட்டர் போய் ஃபியூல் இன்ஜெக்‌ஷன், சென்சார், பெரிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று உதிரிபாகங்களின் பட்டியல் நீண்டது. 2023-ல் அதே விதியின் இரண்டாம் கட்டம். இவற்றைக் குறை சொல்ல முடியாது. ஈரமான ரோட்டில் சடாரென்று பிரேக் பிடிக்கும்போது, ஏபிஎஸ் இருக்கும் வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் ஓர் உயிர்.

ஆனால், ஷோரூம் விலைக்கு மேல் ஏறும் கணக்குதான் நடுத்தரக் குடும்பத்தை உட்கார வைக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, 150 சிசி வரை இதற்கு 3,851 ரூபாய். 150-ஐத் தாண்டினால் 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். ஜி.எஸ்.டி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியும் ஏறியது. அதுவரை 8 சதவிகிதம். இப்போது 1 லட்சத்துக்குள் உள்ள பைக்குக்கு 10, அதற்கு மேல் 12. ஆக, 1.60 லட்ச ரூபாய் பைக்குக்கு வரி மட்டும் 19,200 ரூபாய். அதோடு இன்ஷூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், ஹெல்மெட், சைடு கார்டு என்று சேர்த்தால் தொகை 2 லட்சத்தை எட்டிப் பார்க்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது உண்மையிலேயே ஆறுதல். ஆனால் 350-ஐத் தாண்டினால், செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. 349 சிசிக்கு 18, 398 சிசிக்கு 40. ஒரு டம்ளர் தண்ணீர்கூட கொள்ளாத வித்தியாசத்துக்கு இவ்வளவு வரி!

இந்தக் கோட்டால் பலன் பெற்றவர்களில் நம்ம ஊர் ராயல் என்ஃபீல்டும் உண்டு. 2022-ல் 1.50 லட்சத்துக்கு வந்த ஹன்டர் 350, வரி குறைந்த பிறகு 1.40 லட்சத்துக்கும் கீழே தொடங்குகிறது. 20 பிஎச்பி பவர், புதிதாக ஓட்டுபவரைப் பயமுறுத்தாது. எடைதான் 180 கிலோவை ஒட்டி. ஒல்லியான பிள்ளைகள் பார்க்கிங்கில் பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கம்பெனிகளின் கணக்கும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஸ்போர்ட்டி லுக் கேட்பவர்களுக்கு ரைடர், எக்ஸ்ட்ரீம் 125ஆர் என்று 1 லட்சத்தை ஒட்டியே 125 சிசி கிடைக்கிறது. கெத்து கேட்பவர்கள் 350-க்குப் போய்விடுகிறார்கள். நடுவில் நிற்பவர்களுக்காக மட்டும் ஒரு வண்டியைக் குறைந்த லாபத்தில் செய்ய யாருக்கு மனசு வரும்?

நம் லைசென்ஸ் முறை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஐரோப்பாவில் முதலில் 125 சிசி, அடுத்து 35 கிலோவாட் பவர் வரை, அதன் பிறகே பெரிய பைக் என்று லைசென்ஸே படிப்படியாக ஏறும். இங்கே ஆர்.டி.ஓ மைதானத்தில் 100 சிசி வண்டியில் 'எட்டு' போட்டவர், மறுநாளே 1,000 சிசி பைக்கை எடுத்துக்கொண்டு ஓ.எம்.ஆரில் பறக்கலாம், சட்டம் தடுக்காது. படிப்படியாகப் பழகவைக்கும் வேலையை இத்தனை நாளும் செய்தது அந்த நடுத்தர பைக்தான்.

புதுசு கட்டுப்படியாகாதவர்கள் இப்போது பழைய டியூக், பழைய சிபிஆர் என்று செகண்ட் ஹேண்டில் தேடுகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா, வண்டி நகர்ந்ததும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருக்கின்றனவா, சர்வீஸ் ரெக்கார்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆர்.சி-யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி கைக்கு வரும்வரை அட்வான்ஸ்கூட கொடுக்காதீர்கள்.