பதக்கம் வாங்கவில்லை, அவ்வளவுதானா?



குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1928இல், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில். ஆறு வீரர்கள் போனார்கள். ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் சகுதா தகேபுஷி. கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீரர். மலைச்சரிவில் சர்ரென்று இறங்கும் விளையாட்டு அல்ல இது. மேடும் பள்ளமுமான பனித்தரையில், கால் பலத்தையும் மூச்சையும் நம்பிப் பல கிலோமீட்டர் ஓட வேண்டும்.

பதக்கம் இல்லாதவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில், அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று பாருங்கள். 1902 ஜனவரியில் வட ஜப்பானின் ஹக்கோடா மலைப்பகுதியில் பனிப்புயலில் சிக்கிய 210 ராணுவத்தினரில் 199 பேர் இறந்துபோனார்கள். 1911 ஜனவரியில் தியோடர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ மேஜர் தகாதா நகரில் ஜப்பானியப் படைவீரர்களுக்கு முறைப்படி பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பதினேழே வருடம் கழித்து ஒலிம்பிக்! எதிரே நின்றவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாகப் பனியில் சறுக்கிப் பழகிய நாட்டுக்காரர்கள். அந்த ஒலிம்பிக்கில் 18 கி.மீ. ஓட்டத்தின் மூன்று பதக்கமும் நார்வேக்கு, 50 கி.மீ. ஓட்டத்தின் மூன்றும் ஸ்வீடனுக்கு. இந்த நிலையில் போய் நின்றதே பெரிய காரியம்.

இரண்டாவது, தகேபுஷி அதோடு நின்றுவிடவில்லை. மைனிச்சி நாளிதழில் நிருபரானார். 1936இல் ரிக்யோ பல்கலைக்கழக மலையேற்றக் குழு யாயிச்சி ஹொத்தா தலைமையில் நம் குமாவோன் இமயமலைக்கு வந்தபோது இவரும் கூட வந்தார். நந்தா கோட் சிகரம், 6,861 மீட்டர். அதுவரை யாரும் உச்சி தொடாதது. அக்டோபர் 5ஆம் தேதி உச்சியில் நின்றவர்களில் இந்த நிருபரும் ஒருவர். கீழே கூடாரத்தில் உட்கார்ந்து செய்தி எழுதி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஏறினார். இமயமலையில் ஜப்பானியர் வென்ற முதல் சிகரம் அதுதான். பனியில் பழகிய காலும் நெஞ்சுரமும் எட்டு வருடம் கழித்து வேறொரு இடத்தில் கைகொடுத்தன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானுக்குக் குளிர்கால ஒலிம்பிக்கின் முதல் பதக்கம் கிடைத்தது 1956இல், சிஹாரு இகாயா மூலம். 1928க்கும் அதற்கும் நடுவே 28 வருடம். முதலில் போனவர்கள் தோற்றுத் திரும்பியதும் "நமக்கு இது ஒத்துவராது" என்று அந்த நாடு கதவைச் சாத்தியிருந்தால்?

மாவட்டப் போட்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையிடம் "இதெல்லாம் எதற்கு, போய்ப் படி" என்று சொல்லும் பெற்றோரை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனையாவது இடம்?" என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே, "அடுத்து எப்போது போட்டி?" என்றும் கேளுங்கள்.