பிழை திருத்தப் போனேன்...

கொடைக்கானல்ல ஒரு கல்லூரியில தமிழ் எடுக்கிற தோழி, 'தோல்' நாவலுக்குத் தயாரிச்ச கட்டுரை வினாக்களை அனுப்பி, "ஒற்றுப்பிழை மட்டும் பாருங்க"ன்னாங்க. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பத்தி டி. செல்வராஜ் எழுதி, 2012-ல சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல்.

முதல் கேள்வியே, "தொழிலாளர்களின் வறுமைக்கு அவர்களது அறியாமை எவ்வாறு காரணமாயிற்று?" ஒற்றுப்பிழை ஒண்ணுமில்லை! ஆனா சுண்ணாம்புக் குழியில நின்னு வெந்தவங்க சங்கம் கட்டின கதையாச்சே இது? விடையைக் கேள்விக்குள்ளயே திணிச்சா பிள்ளைங்க வேற என்னத்த எழுதும்? தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துல கூலிக்குப் போறவங்க வீட்டுப் பொண்ணுங்களும் அந்த வகுப்புல இருக்காங்களாம்.

'அவர்களது அறியாமை'யை அடிச்சிட்டு, "எவையெல்லாம் காரணமாயின?"ன்னு மாத்தி அனுப்பினேன்.

"நான் பிழைதானே பார்க்கச் சொன்னேன்"னாங்க. அதைத்தான பார்த்தேன்?!