விளையாட்டுப் பெட்டியில் முதலீடு: நிய்யத்தை முதலில் தீர்மானிப்போம்

தங்கம், மனை, பங்கு என்று சேமிப்பைப் பற்றிப் பேசிவந்த நம் குடும்பங்களில் இப்போது புதியதொரு கேள்வி எழுகிறது. லெகோ பெட்டிகளை வாங்கி, பிரிக்காமல் சில ஆண்டுகள் வைத்திருந்து, கூடுதல் விலைக்கு விற்பது நல்ல முதலீடா? மார்க்கம் அதை அனுமதிக்கிறதா? அனுமதிக்கப்பட்ட வணிகமே என்பது எமது கருத்து. ஆனால் அது வணிகம்தான், சேமிப்பு அன்று. இந்த வேறுபாட்டை உணராமல் இறங்குவோர் பொருளிலும் இழப்பர்; மார்க்கக் கடமையிலும் தவறுவர்.

இதன் அடிப்படை எளியது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் ஒரு தச்சர் தொடங்கிய இந்நிறுவனம், ஒவ்வொரு தொகுப்பையும் சில காலம் மட்டுமே தயாரிக்கிறது. தயாரிப்பு நின்றபின், பிரிக்கப்படாத பெட்டிகள் சந்தையில் குறைந்துகொண்டே வருகின்றன. தேடுவோர் இருந்தால் விலை ஏறுகிறது. ரஷ்யாவின் பொருளியல் உயர்கல்விப் பள்ளி ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளை ஆராய்ந்து, சராசரி ஆண்டு வருவாய் 11 விழுக்காட்டுக்குக் குறையாது என்றனர். இந்த எண்ணைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகின்றனர். பெருத்த இலாபம் தந்த தொகுப்புகளோடு, பெருத்த நட்டம் தந்தவையும் அதே ஆய்வில் உண்டு என்பதைச் சொல்வோர் குறைவு.

தாஜ்மகால் தொகுப்பே இதற்குச் சான்று. 5,922 துண்டுகள் கொண்ட அது 2008-இல் ஏறத்தாழ 300 டாலருக்கு வெளிவந்தது. தயாரிப்பு நின்றபின் அதன் மறுவிற்பனை விலை பல மடங்கு உயர்ந்தது. 2017-இல் நிறுவனம் ஒரேயொரு துண்டு கூட்டி, அதே கட்டடத்தைப் புதிய எண்ணில் மீண்டும் வெளியிட்டது. புதியது கடையிலேயே கிடைத்தபோது பழையதற்குப் பெருந்தொகை கொடுப்போர் குறைந்தனர், விலை சரிந்தது. அரிய பொருள் என்று நாம் நம்புவதை, அதைச் செய்தவர் ஒரே அறிவிப்பில் எளிய பொருளாக்கிவிட முடியும்.

ஆகவே தொடங்க விரும்புவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளட்டும். ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் இதில் இடுங்கள். பிள்ளைகளின் கல்விக் கட்டணம், திருமணச் செலவு, ஹஜ்ஜுக்காகச் சேர்த்தது ஆகியவற்றைத் தொடாதீர்கள். வட்டித் தவணையில் ஒரு பெட்டியும் வேண்டாம். முதலில் இரண்டு அல்லது மூன்று தொகுப்புகளோடு நிறுத்தி, அவற்றை விற்றுப் பார்த்தபின் விரிவாக்குங்கள். தள்ளுபடி விலையில் வாங்குங்கள். விற்பனைத் தளத்தின் கட்டணம், அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதே இலாபம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்வோர் ஈரக்காற்றையும் மறக்கலாகாது. நைந்த அட்டைப்பெட்டிக்குச் சேகரிப்பாளர் முழு விலை தருவதில்லை.

இனி மார்க்க வரம்புகள். முன்பதிவு செய்த தொகுப்பு கைக்கு வருமுன்னே அதை இன்னொருவருக்கு விற்றுவிடும் வழக்கம் பரவியுள்ளது. தம் வசம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வணிகரை அவர்கள் கண்டித்த செய்தியையும் நாம் அறிவோம். பெட்டியின் கிழிசலைப் படத்தில் தெரியாமல் மறைப்பது வேறென்ன? பதுக்கல் ஆகாதா என்று சிலர் வினவுகின்றனர். அந்தத் தடை உணவு போன்ற இன்றியமையாப் பொருள்களைப் பற்றியது என்பதே அறிஞர் பலரின் விளக்கம்.

பெரிதும் மறக்கப்படுவது ஜகாத். பிள்ளைகள் விளையாட வாங்கிய தொகுப்புக்கு ஜகாத் இல்லை. விற்கும் நிய்யத்தில் வாங்கியதோ வணிகச் சரக்கு. நிஸாப் அளவை எட்டியவர், சந்திர ஆண்டு நிறைவுறும் நாளின் விற்பனை மதிப்பில் 2.5 விழுக்காடு கொடுக்க வேண்டும். 40,000 ரூபாய்க்கு வாங்கியவை அன்று 60,000 பெறுமாயின், 1,500 ரூபாய் கடமையாகிறது. பெட்டி விற்காமல் அலமாரியிலேயே இருந்தாலும் இந்தக் கடமை ஆண்டுதோறும் வரும். வருவாயைக் கணக்கிடும்போதே இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஐயம் இருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இறுதியாக ஒன்று. 'நன்றாக விளையாடு' எனும் பொருள்தரும் டேனிய மொழிச் சொற்களின் சுருக்கமே லெகோ என்னும் பெயர். கண்ணெதிரே அடுக்கிய பெட்டிகளைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளை விலக்கிவைக்கும் வீட்டில், அந்தப் பெயருக்கும் பொருள் இல்லை. பிள்ளைகளின் உரிமைக்கும் இடமில்லை. விற்பதற்கென்று சில வாங்குவோர், அவர்கள் பிரித்து விளையாடுவதற்கென்றும் ஒன்று வாங்கட்டும். எது எதற்கென்று வாங்கும் நாளிலேயே தீர்மானித்து எழுதிவையுங்கள். கணக்கும் தெளிவாகும், மனமும் தெளிவாகும். நம் வணிகத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.